ஒரு சைஸ் எச்சா

என் அக்காவின் கல்யாணத்தில் மாப்பிள்ளை போட்ட மோதிரம் மணவறையிலேயே கழன்று விழுந்தது. சடங்கு நடத்திக்கொண்டிருந்த அருமைக்காரரின் காலடி வரை உருண்டு போய் நின்றது. பெண் வீட்டார் எல்லோரும் பதறிப்போனோம். மாப்பிள்ளை பதறவில்லை. குனிந்து எடுத்தார், வேட்டி ஓரத்தில் துடைத்தார், அக்காவின் விரலில் மறுபடியும் போட்டுவிட்டார்.

"ஒரு சைஸ் எச்சாத்தான் வாங்குனனுங்க. நாளைக்கு வெரல் பெருக்குமில்லீங்களா" என்றார்.

எச்சா என்றால் எங்கள் பக்கத்தில் கூடுதல். அக்கா அந்த மோதிரத்துக்கு அடியில் நூலைச் சுற்றிப் பன்னிரண்டு வருஷம் போட்டிருந்தாள். விரல் பெருக்கவே இல்லை.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், எழுத்து பொடிசாக இருக்கிறது, தலைப்பை விடப் பெரிதாகப் போட்டிருக்கலாமே என்பார். எனக்கு அவர் மாமா. மாமா என்றே சொல்லிவிட்டுப் போகிறேன்.

காங்கேயத்தில் அவருக்குத் தேங்காய் எண்ணெய் மில் இருந்தது. பிள்ளைகளின் படிப்புக்காகக் கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் வீடு வாங்கிக் குடிவந்திருந்தார்கள். நான் டிப்ளமா முடித்துவிட்டு அவர்களோடு தங்கி, பீளமேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். செய்து வரும் உதிரிபாகங்கள் சரியான அளவில் இருக்கின்றனவா என்று அளந்து பார்க்கும் வேலை. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் திருப்பி அனுப்பிவிட வேண்டும். பகல் முழுவதும் அதைச் செய்துவிட்டு, சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்தால் அங்கே மாமா இருப்பார். தொண்ணூறுகளின் நடுவில் மூன்று நான்கு வருஷம், எனக்குக் கல்யாணம் ஆகும் வரை, இப்படித்தான் போனது.

பிள்ளைகள் இரண்டு பேர். பெண்ணுக்குப் பத்து வயது, பையனுக்கு ஏழு. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது இருவரும் காலணிக்குள் பஞ்சை அடைத்துக்கொண்டு போவார்கள். காலணி பொருந்துகிற நேரத்தில் அடி தேய்ந்திருக்கும், புதிதாக இன்னொரு சைஸ் எச்சாவாக வந்துவிடும். நான்கு பேர் வீட்டில் குக்கர் பன்னிரண்டு லிட்டர். அதைத் தூக்கி அடுப்பில் வைக்க அக்காவுக்கு என் உதவி வேண்டும். மொட்டைமாடியில் அவர் கட்டிய தண்ணீர்த் தொட்டியின் அளவைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற எஞ்சினியர் தன் படுக்கையை எங்கள் சுவருக்கு எதிர்ப்பக்கமாக மாற்றிக்கொண்டார்.

அந்தியூர்ச் சந்தையில் ஒரு வருஷம் பிள்ளைகளுக்கு மட்டக்குதிரை வாங்கி வரப் போனார். லாரியில் வந்து இறங்கியது போலீஸ்காரர்கள் ஏறுகிற மாதிரி ஒரு குதிரை. பையன் அதைப் பார்த்து அழுதான். அது காங்கேயத்துக்குப் போய், மில்லில் தேங்காய்ப் புண்ணாக்கு தின்றுகொண்டு, யாரும் ஏறாமலேயே சுகமாக இருந்தது.

சிரிக்காமல் இருக்க முடியாதுதான். ஆனால் ஒரு கோடையில் பதினெட்டு நாள் குடிதண்ணீர் வராமல் போனபோது, அந்தத் தெருவே எங்கள் தொட்டியிலிருந்துதான் பிடித்துக்கொண்டு போனது. எதிர்ப்பக்கம் படுக்கை போட்டிருந்த எஞ்சினியரும் இரண்டு குடத்தோடு வந்தார். மாமா வாசலில் நின்று, "இன்னொரு கொடம் எடுத்துட்டு வாங்க சார், ரெண்டு எப்படிப் பத்தும்?" என்று அவரைத் திருப்பி அனுப்பினார். நான் ஹாஸ்டலில் இருந்த காலத்தில் எனக்கு அவர் கொடுத்தனுப்பும் பலகாரத்தை அந்த மாடியில் இருந்த பெண்கள் எல்லோரும் சாப்பிட்டார்கள். சொந்தத்தில் யார் வீட்டு விசேஷமாக இருந்தாலும், பந்தி முடிந்து கடைசி ஆள் கை கழுவும் வரை சமையல் இடத்திலேயே நிற்பார்.

ஏன் இப்படி இருக்கிறார் என்று ஒருநாள் அக்காவிடம் கேட்டேன். அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"பத்தாமப் போயிருமோன்னு பயம் கண்ணு" என்றாள்.

மாமாவுக்கு எட்டு வயது இருக்கும்போது அவருடைய அத்தைக்குக் கல்யாணம். வந்த கூட்டம் கணக்குக்கு மீறிவிட்டது. கடைசிப் பந்திக்கு இலை போட்டு, ஆட்களும் உட்கார்ந்து, தண்ணீரும் தெளித்துவிட்டார்கள். சோறு இல்லை. மாமாவின் அப்பா இலைகளுக்கு நடுவே வந்து, இரண்டு பக்கமும் கை கூப்பிக்கொண்டு நின்றாராம். ஒருவரும் திட்டவில்லை. எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள். மாமா தூணைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்திருக்கிறார்.

"இதை எங்கிட்ட ஒரே ஒருக்காத்தான் சொன்னாரு. நீ கேட்டுப்போடாதே" என்றாள் அக்கா.

இப்பேர்ப்பட்ட மனுஷர், தன் வாழ்க்கையிலேயே மிகச் சிறிய பொருளாக ஒரு கார் வாங்கினார்.

சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்த ஒருவர் ரேஸ்கோர்ஸ் பக்கம் வீடு கட்டிக் குடிபோனார். மாமாவுக்குத் தெரிந்தவர். அழைப்பு வந்து நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். அந்த வீட்டுக் கொட்டகையில் ஒரு ஜப்பான் கார் நின்றது. கரும்பச்சை நிறம். கூரை துணியால் ஆனது, மடக்கிப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். உட்கார இரண்டே இருக்கை. என் இடுப்பு உயரம்கூட இல்லை. சிங்கப்பூரில் ஆசைப்பட்டு வாங்கியதாம், இங்கே நாலு வருஷமாக எடுக்கவே இல்லையாம்.

அக்கா அதன் பக்கத்தில் நின்றுவிட்டாள். கையை அதன் மூக்கின் மேல் மெதுவாக வைத்தாள்.

"அழகா இருக்குதுங்க" என்றாள்.

மாமா திரும்பிப் பார்த்தார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் அக்காவுக்கு வாங்கி வந்த பட்டு, பாத்திரம், பீரோ, ஊஞ்சல் எதையும் அக்கா வேண்டாம் என்று சொன்னதில்லை. அழகாக இருக்கிறது என்றும் சொன்னதில்லை.  இரண்டு வாரம் கழித்து அந்தக் கார் எங்கள் வாசலில் வந்து நின்றது.

கூரையை மடக்கிவிட்டு அவர் உட்கார்ந்தால் தலை முன்கண்ணாடிக்கு மேலே தெரியும். முழங்கால் இரண்டும் ஸ்டீயரிங்குக்கு இரு பக்கமும் வந்துவிடும். ஆனாலும் முதல் பத்து நாள் அவரும் அக்காவும் சாயங்காலமானால் கிளம்பிப் போய்விட்டு, தலையெல்லாம் கலைந்து வருவார்கள். அக்கா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கோத்தகிரியில் அவள் படித்த கன்னியாஸ்திரிகள் பள்ளியில் பழைய மாணவிகள் கூடும் நாள் டிசம்பரில் வரப்போவதாகக் கடிதம் வந்திருந்தது. ஒவ்வொரு வருஷமும் வரும், ஒவ்வொரு வருஷமும் ஏதாவது காரணத்தால் போகாமல் நின்றுவிடும்.

"இந்த வருஷம் போகோணும். இந்தக் கார்லயே போகோணும்" என்றாள். அவள் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்ட முதல் ஆசை அதுதான்.

அதற்காகக் காரைக் கொண்டுபோய்க் காட்டியபோதுதான் மெக்கானிக், டயரை மாற்றச் சொன்னார். நாலு வருஷம் ஓடாமல் நின்றதில் டயரின் பக்கவாட்டில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. மலை ஏற இது தாங்காது என்றார்.

டயர் என்றதும் மாமாவின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்தக் காரில் பெரிதாக்க முடிந்த ஒரு பொருள் கடைசியில் கிடைத்துவிட்டது.

"அம்மணி, நீங்கதான் அளவுல கெட்டிக்காரி ஆச்சுங்களே. நல்லதா ஒண்ணு கணக்குப் போட்டுக் குடுங்க" என்றார் என்னிடம். வயதில் எவ்வளவு சின்னவளாக இருந்தாலும் அவருக்கு நான் 'நீங்க'தான்.

நானும் மனதார உட்கார்ந்தேன். பழைய டயரின் மேல் 185/60 R14 என்று எழுதியிருந்தது. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். நடுவில் இருப்பது, அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு டயரின் பக்க உயரம் என்பது. கடைசி எண், உள்ளே இருக்கும் இரும்புச் சக்கரத்தின் குறுக்களவு, அங்குலத்தில். சக்கரத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், டயரைக் கொஞ்சம் அகலமாக்கிக்கொள்ளலாம். ஆனால் அப்படிச் செய்தால் ரப்பரின் உயரத்தைக் குறைத்துவிட வேண்டும். அப்போதுதான் மொத்த உயரம் பழையபடி இருக்கும், மட்கார்டில் இடிக்காது. மூன்று சாயங்காலம் கணக்குப் போட்டு 195/50 R15 என்று கண்டுபிடித்தேன். பழையதற்கும் இதற்கும் மொத்த உயரத்தில் இரண்டு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. பெரிய தாளில், காரில் இருக்கும் அதே அளவில், இரண்டு டயரையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து கூடத்துச் சுவரில் ஒட்டினேன்.

மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"படம் நல்லா வந்திருக்குதுங்க" என்றார். பிறகு, "நடுவால எதுக்குங்க அம்மணி கொறையுது?" என்று கேட்டார்.

"சக்கரம் பெருசாகுதுங்களே மாமா. அதனால ரப்பர் கொறையோணும்."

"முன்னால எச்சாகுது. கடைசீலயும் எச்சாகுது. நடுவால மட்டும் அறுவது இருந்தது அம்பதாகோணுமா? அது என்னங்க நாயம்?"

"நாயம் இல்லீங்க மாமா, கணக்கு."

"சரிதானுங்க, சரிதானுங்க" என்று தலையை ஆட்டினார். அவர் அப்படி ஆட்டினால் ஒப்புக்கொள்ளவில்லை என்று அர்த்தம்.

சனிக்கிழமை காந்திபுரம் பக்கத்தில் ஒரு டயர் கடைக்குப் போனோம். சுவரெல்லாம் பளபளவென்று அலாய் சக்கரங்கள் மாட்டி வைத்திருந்தார்கள். கடைக்காரர் நல்லவர், யார் பேசினாலும் அவர் பக்கம் திரும்பி, "அதுவும் சரிதானுங்க" என்பார். நான் 195/50 என்றேன். அதுவும் சரிதானுங்க என்றார். மாமா, அகலம் இருநூத்தி அஞ்சு போடலாமா என்றார். அதுவும் சரிதானுங்க. நடுவில் அறுபதைக் குறைக்காமல் அப்படியே விட்டுவிடலாமா என்றார். கடைக்காரர் என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், சக்கரத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.

"மாமா, அந்த சைஸ் போட்டா சக்கரம் சுத்தியும் இருவத்தஞ்சு மில்லிமீட்டர் வெளிய வருமுங்க. முழுசாத் திருப்புறப்ப, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல பதினெட்டுத்தான் இருக்குது. நான் அளந்து பார்த்தேன்."

"புது டயரு அப்படித்தான் இருக்குமுங்க. ஓட ஓடத் தேஞ்சு எடம் பண்ணிக்கும்."

மாட்டி முடித்துக் காரைக் கீழே இறக்கினார்கள். கன்றுக்குட்டிக்கு யானைக்கால் வைத்த மாதிரி இருந்தது. மாமா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "இப்பத்தாங்க காரு மாதிரி இருக்குது" என்றார். ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இடது பக்கம் முழுவதும் திருப்பினார். கர்ர்ர் என்று ஒரு சத்தம். கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் விடவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் இன்னொன்றும் சொன்னேன். டயர் உயர்ந்துவிட்டதால் மீட்டர் இனிமேல் குறைத்துத்தான் காட்டும். மீட்டரில் அறுபது என்றால் நாம் போவது அறுபத்தைந்து. இதைக் கேட்டால் பயந்துபோய் மாற்றுவார் என்று நினைத்தேன்.

"ஆமாங்களா!" என்றார் சந்தோஷமாக. "அஞ்சு எச்சாவா?"

அதற்குப் பிறகு வந்த இரண்டு மாதமும் வேடிக்கைதான். சக்கரத்தைக் கொஞ்சமாகத் திருப்பினால் சத்தம் வராது. நிறையத் திருப்பினால்தான் வரும். எனவே மாமா நிறையத் திருப்புவதை நிறுத்திவிட்டார். பக்கத்துத் தெருவில் இருக்கும் மருந்துக்கடைக்குப் போக காந்தி பார்க் ரவுண்டானாவைச் சுற்றிக்கொண்டு போனார். குறுகலான சந்து இருக்கும் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போவது குறைந்தது. எங்கள் வீட்டு கேட்டுக்குள் நுழைய முழுத் திருப்பு வேண்டும் என்பதால், ஒரு திங்கட்கிழமை கொத்தனார் வந்து கேட்டுத் தூணை இடித்தார். நான் கம்பெனியிலிருந்து வந்தபோது காம்பவுண்டுச் சுவரில் லாரி நுழைகிற அளவுக்கு ஓட்டை.

"கேட்டை அகலம் பண்ணிட்டா திருப்பற சோலியே இல்லீங்கம்மணி" என்றார்.

 அக்கா காரில் ஏறுவதை விட்டுவிட்டாள். கூப்பிட்டால், மாவாட்டணும் என்பாள், தலைவலி என்பாள். என்னிடம் மட்டும், "அந்தச் சத்தம் கேட்டா அது வலிச்சு அழுவற மாதிரி இருக்குது கண்ணு" என்றாள்.

டிசம்பர் வந்தது. அக்கா வராமல் இருந்துவிடுவாளோ என்று மாமாவுக்கு உள்ளுக்குள் பயம் இருந்திருக்க வேண்டும். முதல்நாளே காரைக் கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தார். அக்கா மாம்பழ மஞ்சளில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, தோழிகளுக்காகச் செய்த அதிரசத்தைக் கூடையில் எடுத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். அவர்கள் இருவரும் முன்னால். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நான் பின்னால், மாமாவின் பழைய அம்பாசடரில். எனக்கும் அக்காவுக்கும் கார் ஓட்டக் கற்றுக் கொடுத்தவர் மாமாதான், மில்லில் கொப்பரை காயப்போடும் களத்தில்.

மேட்டுப்பாளையம் வரை ஒன்றும் இல்லை. மலைப்பாதையில் முதல் கொண்டையூசி வளைவில் ஒரு கர்ர். இரண்டாவதில் பெரிய கர்ர். மூன்றாவது வளைவு மிகக் குறுகல். மேலிருந்து முட்டைக்கோஸ் லாரி ஒன்று இறங்கி வந்துகொண்டிருந்தது. மாமா முழுவதும் திருப்பப் பார்த்தார். சக்கரம் மட்கார்டின் உள்பக்கம் பிடித்துக்கொண்டது. கார் பாதி திரும்பி, மூக்கைத் தடுப்புச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டது. ரப்பர் தீய்ந்த வாசம் என் கார் வரைக்கும் வந்தது.

பின்னால் எடுத்தார். மறுபடி முன்னால் போனார். மறுபடி நின்றது. லாரிக்காரர் ஹாரன் அடித்தார். எனக்குப் பின்னால் ஒரு பஸ் வந்து நின்றது. அதன் பின்னால் இன்னும் நாலைந்து வண்டிகள். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் தலையை நீட்டி ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கண்டக்டர் இறங்கி வந்து, மரியாதை குறையாமலேயே கேட்டார்.

"ஏனுங்க, இந்தக் காருக்குத் திரும்பத் தெரியாதுங்களா?"

மாமா வேர்த்து விறுவிறுத்துப் போய், காரை எப்படியோ ஓரமாக ஒதுக்கினார். நானும் அம்பாசடரை ஒதுக்கி பஸ்ஸுக்கு வழி விட்டேன். அப்போது அக்கா காரின் கதவைத் திறந்தாள். அதிரசக் கூடையை எடுத்தாள். சேலைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நேராக பஸ்ஸை நோக்கி நடந்தாள்.

"கோத்தகிரி போகுமுங்களா?"

"ஏறுங்கம்மா" என்றார் கண்டக்டர்.

"அக்கா, இதுல ஏறு!" என்று நான் கத்தினேன்.

"வேண்டாங் கண்ணு. நீ அவருக்குத் தொணையா இரு. பஸ்ஸுக்காச்சும் திரும்பத் தெரியுது" என்று சொல்லிவிட்டு ஏறிப்போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவ்வளவு பெரிய பஸ் ஒரே வளைப்பில் திரும்பி மேலே போனது. பிள்ளைகள் கையாட்டினார்கள். அக்காவும் கையாட்டினாள், பிள்ளைகளுக்கு மட்டும்.

மாமா தடுப்புச் சுவர் மேல் உட்கார்ந்தார். நான் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். கீழே மேட்டுப்பாளையம் வெயிலில் மங்கலாகத் தெரிந்தது.

"நான் வாங்குனதுல அவளுக்குப் புடிச்சது இது ஒண்ணுதானுங்க அம்மணி" என்றார். "இதையும் நான்..."

 நான் சொன்னேனே என்று சொல்ல இரண்டு மாதமாகக் காத்திருந்தேன். அந்த முகத்தைப் பார்த்தபோது அது வாயில் வரவில்லை.

அவரே கேட்டார். "அந்த அளவு என்னங்க சொன்னீங்க?"

"நூத்தித் தொண்ணூத்தஞ்சு, அம்பது, பதினஞ்சு."

"நூத்தித் தொண்ணூத்தஞ்சு, அம்பது, பதினஞ்சு" என்று அவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி திருப்பிச் சொன்னார். இன்னொரு தடவையும் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு எழுந்து காரில் ஏறினார்.

மீதி வளைவுகளில் ஒவ்வொன்றிலும் மூன்று முறை முன்னே பின்னே எடுத்துத்தான் ஏறினோம். நான் பின்னால் அம்பாசடரைக் குறுக்கே நிறுத்தி வண்டிகளைத் தடுத்துக்கொண்டே வந்தேன். பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. சாப்பாடு முடிந்து, புல்வெளியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் அக்கா. பஸ்ஸில் வந்த கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள் போல. எங்கள் காரைப் பார்த்ததும் அத்தனை பேரும் ஒன்றாகச் சிரித்தார்கள்.

அக்கா எழுந்து வந்தாள். கோபம் எல்லாம் பஸ்ஸிலேயே இறங்கிப்போயிருந்தது. எங்களுக்குத் தனியாகச் சாப்பாடு எடுத்து மூடி வைத்திருந்தாள். அவளுடைய தோழிகள் காரைச் சுற்றி நின்றார்கள். ஊட்டியில் டாக்டராக இருந்த ஒரு அம்மாள் குனிந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு அழகான காருக்கு யாருங்க இந்த லாரி டயரை மாட்டினது?" என்று கேட்டாள்.

 மில் ஆட்களிடமோ, சொந்தக்காரர்களிடமோ, எங்களிடமோ அவர் ஒருநாளும் தன் தப்பு என்று ஒன்றை ஒப்புக்கொண்டதில்லை.

"நான்தானுங்க" என்றார் மாமா. "தெரியாமச் செஞ்சுபோட்டனுங்க."

அக்கா அவரைப் பார்த்தாள். பிறகு தட்டை அவர் கையில் கொடுத்து, "மொதல்ல சாப்பிடுங்க" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை அதே கடைக்குப் போனோம். இந்தத் தடவை நான் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை. அளவை அவரே மூச்சு விடாமல் ஒப்பித்தார். கடைக்காரர் தயங்கினார்.

"சார், இது கொஞ்சம் சின்னதாத் தெரியுமுங்களே."

"நீங்க மாட்டுங்க."

மாட்டினார்கள். மாமா ஏறி உட்கார்ந்து இடது பக்கம் முழுவதும் திருப்பினார். காதைச் சாய்த்துக் கேட்டார். வலது பக்கம் முழுவதும். மறுபடி இடது. ஐந்தாறு முறை திருப்பியிருப்பார். கடைப் பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி என்னைக் கூப்பிட்டார்.

"அம்மணி, சித்த அளந்து பாருங்க. எல்லாப் பக்கமும் எடம் இருக்குதுங்களா?"

நான் குனிந்து சக்கரத்தைச் சுற்றி அளவுகோலை விட்டுப் பார்த்தேன். "இருக்குதுங்க மாமா."

"பத்துமா?"

"பத்துமுங்க."

அவர் வண்டியை விட்டு இறங்கவில்லை. ஸ்டீயரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் மாமா காரை வெளியே எடுத்து வாசலில் நிறுத்திவிட்டு, கூப்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல், துடைத்ததையே திரும்பவும் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா தலைக்குக் குளித்து, ஈரத் தலையில் துண்டு கட்டியபடி வெளியே வந்தாள். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். டயரைக் குனிந்து பார்த்தாள். தலையிலிருந்த துண்டை அவிழ்த்துக் கேட்டின் மேல் போட்டாள்.

"சாவியக் குடுங்க" என்றாள்.

மாமா கொடுத்தார். அக்கா ஓட்டுகிற பக்கம் ஏறி உட்கார்ந்தாள். மாமா அந்தப் பக்கம் போய், முதலில் ஒரு காலை விட்டு, பிறகு தலையைக் குனிந்து, இன்னொரு காலை மடக்கி, எப்படியோ தன்னை உள்ளே அடைத்துக்கொண்டார். முழங்கால் இரண்டும் அவர் மோவாய்க்கு வந்தன.

பிள்ளைகள் இருவரும் வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்தார்கள்.

"அப்பா, நாங்க எங்க உக்கார்றது?"

மாமா பின்னால் திரும்பிப் பார்த்தார். மடக்கி வைத்த துணிக்கூரை தவிர அங்கே ஒன்றும் இல்லை. அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா நேரே தெருவைப் பார்த்துக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"எடம் பத்தாது கண்ணு" என்றார் மாமா. அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நாங்கள் யாரும் அதுவரை கேட்டதில்லை. சொல்லிவிட்டு அவரும் சிரித்துவிட்டார். "இது ரெண்டு பேருக்குத்தான்."

அக்கா காரைக் கிளப்பினாள். தெருமுனையில் ஒரே வளைப்பில், ஒரு சத்தமும் இல்லாமல் திரும்பிப் போனார்கள். பிள்ளைகள் பசிக்கிறது என்றார்கள். நான் தோசை சுட உள்ளே போனேன்.